கல்மரத்திலிருந்து ஜாதிக்காய்ச் சதுப்பு வரை: மழைக்காட்டின் வம்சாவளியைத் தேடி ஒரு பயணம்

முதல் நாள்: சாத்தனூர், கல்லமேடு

மழைக்காடு என்றதும் "பல கோடி ஆண்டு பழைமையான காடு" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அந்த வரிக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. மரத்தின் குடும்பம் எவ்வளவு பழையது? இன்று நிற்கும் இனம் எவ்வளவு பழையது? இந்த இடத்தில் இந்தக் காடு எப்போதிலிருந்து நிற்கிறது? மூன்றுக்கும் விடை வேறு வேறு. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. அதற்கேற்ப வழி வகுத்திருக்கிறோம்: வறண்ட பெரம்பலூரில் தொடங்கி, புதுச்சேரி வழியாக வால்பாறை ஏறி, செங்கோட்டைக் கணவாய் தாண்டிக் குளத்துப்புழையில் முடியும்.

சாத்தனூர் பெரம்பலூர் மாவட்டத்தில், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நிலத்துக்கு நடுவே இருக்கிறது. ஓடைக்கரையில், வேலிக்குள் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதை முதலில் பதிவு செய்தார். வயது சுமார் 12 கோடி ஆண்டு என்பது துறையின் கணக்கு. அப்போது இங்கே கடல் இருந்தது. மேற்கே நின்ற காட்டிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்திருக்கிறது.

மரம் கல்லாக இரண்டு வேலைகள் போட்டி போட்டு நடக்க வேண்டும். ஒன்று அழுகல், மற்றது சிலிகா படிதல். சேறு விரைவாக மூடிக் காற்றை அடைத்தால் அழுகல் நிற்கும். நிலத்தடி நீரில் கரைந்த சிலிகா மரத்தின் உயிரணு அறைகளுக்குள் இறங்கிப் படியும். அறைச்சுவர் சிதையும் முன்பே அறை நிரம்பிவிட்டால், சுவரின் அமைப்பு நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு நிற்கும். தாமதமானால் வெளிவடிவம் மட்டும் தங்கும். உள்ளே வெறும் கல்தான் இருக்கும். தூக்கிப் பார்க்கும் கல்மரம் எல்லாம் இன்ன மரம் என்று அடையாளம் சொல்லாததற்கு இதுவே காரணம்.

சாத்தனூர் மரம் ஊசியிலை வகை. பூக்கும் தாவரங்கள் உலகில் தோன்றிவிட்டிருந்தாலும் காட்டை ஆளும் நிலைக்கு இன்னும் வரவில்லை. அன்று வெப்பமண்டலத்தில் மழை பெய்திருக்கும், மரமும் உயரமாக நின்றிருக்கும். ஆனால் இன்று நாம் மழைக்காடு என்று சொல்லும் அமைப்பு, அதாவது அடுக்கடுக்காக இலைகள் மூடி, தரையில் வெளிச்சம் விழாத, பூக்கும் மரங்களின் காடு அன்று இல்லை.

அது எப்போது வந்தது என்பதற்கு ஒரு குறிப்பு கிழக்கே அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் இருக்கிறது. டைனோசர் எலும்புகள் கிடைத்த படிவுகள் அவை. அவற்றுக்கு மேலே வரும் நின்னியூர் படிவுகள் டைனோசர்கள் அழிந்த பிறகு உருவானவை. 6.6 கோடி ஆண்டுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விண்கல் மோதிய அந்தக் காலக் கோட்டை இந்த மாவட்டத்துக்குள்ளேயே கடந்துவிடலாம்.

அந்தக் கோட்டின் இருபுறமும் காடு எப்படி மாறியது என்பதைத் தெளிவாகக் காட்டியது கொலம்பியா. 2021இல் வந்த ஆய்வு அங்கே கிடைத்த 50,000 மகரந்தத் துகள்களையும் 6,000க்கும் மேற்பட்ட இலைப் படிவங்களையும் ஒப்பிட்டது. மோதலுக்கு முன் ஊசியிலை மரங்களும் பெரணிகளும் பூக்கும் மரங்களும் இடைவெளி விட்டு நின்ற, வெளிச்சம் விழும் காடு. மோதலோடு தாவர வகைகளில் சுமார் 45 விழுக்காடு போய்விட்டது. பன்மை திரும்ப 60 லட்சம் ஆண்டு ஆனது. திரும்பி வந்தது பழைய காடு இல்லை. அவரைக் குடும்பத்து மரங்கள் நிறைந்த, மேலே மூடிய புதுக் காடு.

டைனோசர் செத்தால் காடு ஏன் அடர வேண்டும்? ஆய்வாளர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். மிதித்தும் தின்றும் காட்டைத் திறந்து வைத்திருந்த பெருவிலங்குகள் இல்லாமல் போயின. விழுந்த சாம்பல் மண்ணுக்குப் பாஸ்பரஸ் தந்தது. வளமான மண்ணில் வேகமாக வளரும் பூக்கும் மரங்கள் முந்தின. வெப்பமண்டல ஊசியிலை இனங்கள் அதிகமாக அழிந்து இடம் காலியானது. மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கலாம். என்னைக் கேட்டால் மண் வளக் காரணத்துக்குக் கூடுதல் எடை கொடுப்பேன். விலங்கு இல்லாமல் போனது காடு மூடியதற்கு விளக்கம் தருகிறது. யார் மூடினார்கள் என்பதற்கு மண்தான் விளக்கம் தருகிறது.

போகிறவர்களுக்கு: சாத்தனூரில் கல்மரத்தின் அருகே நிழல் குறைவு, தண்ணீர் கையோடு வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. அரியலூர்ப் படிவுகளில் கிளிஞ்சல் பதிந்த கற்கள் காலடியில் கிடக்கும். எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போனால் அந்தக் கல்லுக்கு அறிவியல் மதிப்பே இல்லை.

இரண்டாம் நாள்: திருவக்கரை

வழியில் நெய்வேலி. அங்கே வெட்டும் பழுப்பு நிலக்கரியும் பழைய சதுப்புக் காடுதான். அனுமதி இல்லாமல் சுரங்கத்துக்குள் போக முடியாது என்பதால் நிற்கவில்லை.

திருவக்கரை என்றால் வக்ரகாளியம்மன் கோயிலைத்தான் எல்லோருக்கும் தெரியும். பௌர்ணமியில் கூட்டம் மொய்க்கும். கல்மரம் பார்க்க அந்த நாளைத் தவிர்த்துவிடலாம். ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 ஹெக்டேர் பரப்பில் தேசியக் கல்மரப் பூங்கா. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலர் சொனெரா இவற்றைக் குறித்து வைத்தார். 1940இல் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாப்பில் எடுத்தது. சுமார் 200 அடிமரங்கள், 3 முதல் 15 மீட்டர் நீளம் வரை, கடலூர் மணற்கல்லில் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு.

முதலில் கவனிக்க வேண்டியது இல்லாத பொருள்களை. கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை, பட்டை இல்லை. இவை நின்ற இடத்தில் கல்லானவை என்றால் அடிவேராவது இருந்திருக்கும். வெள்ளம் உருட்டி வந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. ஆகவே "திருவக்கரையில் மழைக்காடு இருந்தது" என்று சொல்வது ஒரு படி அதிகம். இங்கே வந்து சேர்ந்த ஆற்றின் மேல்பகுதியில் இந்த மரங்கள் நின்றன என்பது வரை சொல்லலாம்.

என்ன மரங்கள் என்பதைக் கண்ணால் ஓரளவு படிக்க முடியும். தேவை 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், தண்ணீர் தெளிக்கும் சிறு பாட்டில், மென்மையான பிரஷ். பக்கவாட்டுப் பரப்பைப் பார்ப்பதில் பயனில்லை. இயற்கையாக உடைந்த குறுக்குமுகம் வேண்டும். மண்ணைப் பிரஷால் தட்டிவிட்டுத் தண்ணீர் தெளித்தால் உயிரணு அமைப்பு திடீரென எழும்பும். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, தலையைத்தான் கல்லுக்கு அருகே கொண்டு போக வேண்டும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. குறுக்குமுகம் முழுதும் ஒரே சீரான நுண்வலையாக, துளையே இல்லாமல் இருந்தால் அது ஊசியிலை மரம். அதில் நீர் கடத்துவது மெல்லிய நாரறைகள் மட்டும்தான். வலைக்கு நடுவே குண்டூசி குத்தியதுபோல் தனித்தனித் துளைகள் தெரிந்தால் பூக்கும் மரம். அந்தத் துளைகள் அகன்ற நீர்க்குழாய்களின் வெட்டுமுகம். துளைகளைவிடச் சிறிய புள்ளிகள் வளைய திசையில் வரிசை கட்டி நின்றால், பெரும்பாலும் வெள்ளையாக ஏதோ அடைத்தபடி, அவை பிசின் குழாய்கள். டிப்டெரோகார்ப் குடும்பத்தின் முகவரி அதுதான்: குங்கிலியம், சால், கொங்கு மரங்களின் குடும்பம். ஷோரியா, ஹோப்பியா வகைகளில் அந்த வரிசை நீளமாக ஓடும். டிப்டெரோகார்ப்பஸ் வகையில் துண்டு துண்டாகவோ சிதறியோ இருக்கும்.

இங்கே தவறு எளிதில் நேரும். பிசின் வரிசையை ஆண்டு வளையம் என்று எண்ணிவிடுவது முதல் தவறு. வளையம் சுற்றிலும் ஓடி முடியும், அதில் துளை இருக்காது. பிசின் வரிசை பாதியில் அறுந்து போகும், புள்ளி புள்ளியாக இருக்கும். கல்லில் விழுந்த வெடிப்பைத் துளையாக எண்ணுவது இரண்டாவது. நிறத்தை வைத்து மரம் சொல்வது மூன்றாவது. சிவப்பும் மஞ்சளும் சிலிகாவோடு வந்த இரும்பின் நிறம், மரத்தின் நிறம் இல்லை. லென்ஸ் குடும்பம் வரைக்கும் கைகாட்டும். இனம் வரை போக வேண்டுமானால் கல்லை மூன்று திசையில் அறுத்து, 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அது ஆய்வகத்து வேலை. பூங்காவில் ஒரு சில்லுகூட உடைக்கக் கூடாது.

அப்படி ஆய்வகத்தில் பார்த்துச் சொன்ன பட்டியல்தான் திருவக்கரையின் செல்வம். மெசெம்பிரியோக்சிலான் என்ற, போடோகார்ப் வகையை ஒத்த ஊசியிலை மரம் இருக்கிறது. பூக்கும் மரங்களில் புளியின் குடும்பம், மருதின் குடும்பம், புன்னையின் குடும்பம், கருங்குங்கிலியத்தின் குடும்பம், டிப்டெரோகார்ப் குடும்பம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவில் நிற்கும் கூட்டம். சுற்றிப் பார்த்தாலோ முந்திரியும் பனையும் முட்புதரும். காடு இங்கிருந்து விலகிப் போயிருக்கிறது. பருவமழை ஆண்டின் சில மாதங்களுக்குள் சுருங்கி, வறண்ட மாதங்கள் நீண்டதே காரணம். மேற்கே மலை தடுப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் பெரும்பாலும் காய்ந்தே வந்து சேர்கிறது.

மூன்றாம் நாள்: புதுச்சேரி

இன்றைய பொருள் மகரந்தம். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்தத் தொகுப்புக்குப் பெயர்பெற்றது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கணபதி தணிகைமணி. இந்தியாவின் மூன்றாம் யுக (டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த காலத்தின்) மகரந்தங்களை ஆப்பிரிக்காவின் மகரந்தங்களோடு ஒப்பிட்டு அவரும் உடனுழைத்தவர்களும் 1984இல் வெளியிட்ட வேலை இன்றைய முடிவுகளுக்கு அடித்தளம். 1986இல் கராச்சியில் விமானக் கடத்தலின்போது உயிரிழந்தார். தமிழில் அறிவியல் எழுதுகிறவர்கள் அவர் பெயரை இன்னும் அதிகமாகச் சொல்ல வேண்டும்.

மகரந்தம் ஏன் கோடி ஆண்டு நிற்கிறது? வெளியுறையில் ஸ்போரோபொலனின் என்ற பொருள். அமிலத்துக்கும் அசைந்து கொடுக்காது. காற்றுப் படாத சேற்றில் அழுகவும் செய்யாது. அந்த உறுதியை நம்பித்தான் ஆய்வு முறையே இருக்கிறது. பாறையைப் பொடித்து, முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். பிறகு ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் சிலிகாவைக் கரைப்பார்கள். இந்த வரிசை மாறக் கூடாது: சுண்ணாம்பு மிஞ்சியிருந்தால் இரண்டாவது அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் புளோரைடு படிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலுக்குள் ஊடுருவி எலும்பு வரை போகும். புகை உறிஞ்சும் பெட்டியும் உரிய கையுறையும் மருந்தும் இல்லாத இடத்தில் தொடவே கூடாது.

ஒப்பிடுவதற்கு இன்றைய மலரின் மகரந்தம் வேண்டும். அதைத் தயாரிக்கும் முறை அசிட்டாலிசிஸ். அசிட்டிக் அன்ஹைட்ரைடு 9 பங்கு, அடர் கந்தக அமிலம் 1 பங்கு. வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடம். அதற்கு முன் மாதிரியைக் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் கழுவி ஈரத்தை முற்றிலும் நீக்க வேண்டும். ஒரு துளி தண்ணீர் மிஞ்சினாலும் கலவை சீறித் தெறிக்கும். அதிக நேரம் விட்டால் துகள் கறுத்து உறையின் செதுக்கு வேலை தெரியாமல் போகும். குறைவாக விட்டால் உள்ளே இருக்கும் சாறு மறைக்கும்.

டிப்டெரோகார்ப் மரங்களின் வரலாறு இப்படித்தான் எழுதப்பட்டது. போர்னியோவின் காடுகளில் உயர்ந்து நிற்பவை பெரும்பாலும் இவைதான். அதனால் இந்தக் குடும்பம் தென்கிழக்கு ஆசியாவில் தோன்றி, பிறகு இந்தியாவுக்கு வந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2010இல் குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்து அம்பர், அதாவது கல்லான மரப்பிசின், பற்றிய ஆய்வு வந்தது. 5 கோடி ஆண்டுக்குச் சற்று முந்தைய பிசின். அதன் வேதி அமைப்பு டிப்டெரோகார்ப் குங்கிலியத்தின் அமைப்பு. இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கிய காலத்திலேயே இந்த மரங்கள் இங்கே பிசின் வடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. 2022இல் வந்த மகரந்த ஆய்வு இன்னும் பின்னே போனது. சூடானிலும் இந்தியாவிலும் டைனோசர்க் காலத்தின் கடைசிப் படிவுகளில் டிப்டெரோகார்ப் மகரந்தம் கிடைத்தது. குடும்பம் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்தியாவுக்குப் பரவி, இந்தியா வடக்கே மோதிய பிறகு தென்கிழக்கு ஆசியாவில் இறங்கிப் பெருகியது என்பது அதன் முடிவு.

இந்தியா 8.8 கோடி ஆண்டு வாக்கில் மடகாஸ்கரிலிருந்து பிரிந்தது. வழியில் பூமத்திய ரேகையைக் கடந்தது. பயணத்தின் நடுவே, 6.6 கோடி ஆண்டு வாக்கில், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து பரவியது. இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு அதன் பாறை இருக்கிறது. குழம்பு தெற்கே கேரளம், தமிழ்நாடு வரை வரவில்லை. பூரான்களிலும் மரங்களிலும் நடந்த மரபணு ஆய்வுகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் பழைய வம்சங்கள் அதிகம் தங்கியிருப்பதைக் காட்டுகின்றன. குழம்பு படாதது ஒரு காரணம். மற்றது வறண்ட மாதங்களின் எண்ணிக்கை: தென்முனையில் இரண்டு மூன்று, வடக்கே போகப் போக ஏழெட்டு. இரண்டு பருவமழையும் தொடும் தெற்கில்தான் ஈரம் அறுபடவில்லை.

நான்காம் நாள்: பொள்ளாச்சி வழியாக வால்பாறை

நாள் முழுதும் சாலை. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே இலையுதிர்க் காடு, ஏற ஏற மூங்கில், அட்டகட்டி தாண்டினால் பசுமை மாறாக் காட்டுத் துண்டுகளும் தேயிலையும். சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு. மாலைக்குள் ஏறிவிட வேண்டும். வால்பாறையில் இருட்டிய பிறகு எஸ்டேட் சாலையில் நடக்காதீர்கள். யானை அருகில் இருந்தால் எச்சரிக்கும் சிவப்பு விளக்குகள் பல இடங்களில் இருக்கின்றன. எரிந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஐந்தாம் நாள்: வால்பாறைக் காட்டுத் துண்டுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் 700 முதல் 1,400 மீட்டர் உயரத்துக்குரிய காட்டை, வெடிப்பலா, நாங்கு, பாலி என்ற மூன்று மரங்களின் பெயரால் அழைப்பது வழக்கம். வெடிப்பலாவின் அறிவியல் பெயர் குல்லேனியா எக்ஸாரில்லாட்டா. டுரியனின் நெருங்கிய சொந்தம். காய் முழுக்க முள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் செம்பு நிறச் செதில்கள் மினுங்கும். காற்றடிக்கும்போது தூரத்திலிருந்தே மரத்தைச் சொல்லிவிடலாம். பூ இலைக்கோணத்தில் வராது, தடித்த கிளையில் கொத்துக் கொத்தாக ஒட்டி வரும். இதழே கிடையாது, சதைப்பற்றான புல்லிக் குழாய்தான் பூ. கோடை நெருங்கும்போது, மற்ற மரங்களில் பழம் குறையும் சமயத்தில் பூக்கும் என்பதால் சோலைமந்திக்கு அதுவே உணவு. குல்லேனியா பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கிறது. டுரியன் கூட்டத்தின் மற்ற சொந்தங்கள் தென்கிழக்கு ஆசியாவில்.

இலையை வைத்துப் பழைய காலத்து வெப்பத்தைக் கணிக்கும் முறையை இங்கே செய்து பார்க்கலாம். 1915இல் பெய்லியும் சின்னட்டும் கவனித்தது இது: வெப்பமான இடத்தில் முழு விளிம்புள்ள இலைகள் அதிகம், குளிர்ந்த இடத்தில் பல் விளிம்புள்ளவை அதிகம். பிற்காலத்தில் அது சமன்பாடானது. முழு விளிம்பு இனங்களின் பங்கை 30.6ஆல் பெருக்கி 1.14 கூட்டினால் ஆண்டுச் சராசரி வெப்பம் செல்சியஸில் வரும். 20 இனத்தில் 16 முழு விளிம்பு என்றால் பங்கு 0.8, விடை 25.6 டிகிரி.

செய்யும் முறை: எஸ்டேட் சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் இலைகளைப் பாருங்கள். காட்டுக்குள் நுழைய, இலை எடுக்க, வனத்துறை அனுமதி வேண்டும். இரண்டு விதையிலை மரங்களும் புதர்களும் மட்டுமே கணக்கில் சேரும். மூங்கில், பனை, பெரணி, செடிகள் சேராது. எண்ண வேண்டியது இனங்களை. ஒரே மரத்தின் 100 இலை ஒன்றுதான். விளிம்பில் ஒரு பல் இருந்தாலும், அதற்குள் நரம்பு போனால் அது பல் விளிம்பு. பூச்சி கடித்த விளிம்பைப் பல் என்று எண்ணிவிடாதீர்கள்; கடித்த இடத்தில் நரம்பு அறுந்து நிற்கும், கறுத்த தழும்பும் இருக்கும். வெடிப்பலா, நாங்கு, பாலி, காட்டு ஜாதிக்காய், நாவல் வகைகள், லவங்க வகைகள் எல்லாம் முழு விளிம்பு. உருத்திராட்ச வகைகள் பல் விளிம்பு.

வால்பாறையில் இந்தக் கணக்கு கெடுவது மூன்று வழியில். சில்வர் ஓக், யூகலிப்டஸ் போன்று நட்டு வைத்த வெளி மரங்களைச் சேர்த்துவிடுவது முதலாவது. அவை இந்தக் காலநிலை தேர்ந்தெடுத்த மரங்கள் இல்லை. ஓடைக்கரையில் மட்டும் சேகரிப்பது இரண்டாவது. கரையோரம் பல் விளிம்பு இனங்கள் கூடுதலாக இருப்பதால் வெப்பம் உண்மையைவிடக் குறைவாக வரும்; புதைபடிவங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரை, ஏரிக்கரை இலைகள் என்பதால் இது தொல் ஆய்வின் தீராத தலைவலி. இனம் குறைவாக இருப்பது மூன்றாவது. மேலே சொன்ன 20 இனக் கணக்கில் எண்ணிக்கையால் வரும் பிழையே 2.7 டிகிரி. 40 இனம் சேர்த்தால் 1.9 ஆகக் குறையும். 20க்குக் கீழே கணக்கிடவே வேண்டாம்.

விளிம்பைவிட முக்கியமான செய்தி இலை நரம்பில் இருக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில் ஓடும் நரம்புகளின் மொத்த நீளத்தை நரம்படர்த்தி என்கிறோம். பெரணிகளிலும் ஊசியிலைகளிலும் சராசரி சுமார் 2 மில்லிமீட்டர். பூக்கும் தாவரங்களில் சராசரி சுமார் 8. சிலவற்றில் 20க்கும் மேல். நரம்பு நெருங்கினால் நீர் வேகமாக இலை முழுதும் போய்ச் சேரும். இலைத்துளைகள் அகலத் திறக்கலாம். ஒளிச்சேர்க்கையும் நீராவியும் கூடும். காட்டின் மேல் அந்த நீராவி மறுபடி மழையாகிறது. 2010இல் வந்த கணினி மாதிரி ஒன்றில், பூக்கும் தாவரங்களை நீக்கிக் குறைந்த நரம்படர்த்தித் தாவரங்களை வைத்துப் பார்த்தபோது அமேசான் வெப்பமாகவும் வறட்சியாகவும் மாறியது. மழை பெய்வதால் மழைக்காடு என்பது பாதி உண்மைதான். மழையில் ஒரு பங்கைக் காடே செய்துகொள்கிறது. அந்தத் திறன் சாத்தனூர் மரத்துக்கு இல்லை, வெடிப்பலாவுக்கு இருக்கிறது. இந்தப் பயணத்தில் சொல்ல வந்தவற்றில் இதுவே முக்கியம் என்று நினைக்கிறேன்.

கல்லூரி ஆய்வகம் இருந்தால் நரம்படர்த்தியை அளக்கலாம். ஒரு சென்டிமீட்டர் இலைத்துண்டை 5 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவிட்டு, கரைசல் பழுப்பானதும் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் இலை வெளுத்து ஒளி ஊடுருவும். கழுவி, நீர்த்த பிளீச்சில் சில நிமிடம், மறுபடி கழுவி, சாஃப்ரனின் சாயம். வெடிப்பலா போன்ற இலையில் செதிலை முதலில் மெதுவாகச் சுரண்டிவிட வேண்டும். பிளீச்சில் அதிக நேரம் விட்டால் கடைசி நுண்நரம்புகள் கழன்று போகும். அப்போது பூக்கும் மரத்தின் இலையும் பெரணி அளவுக்குக் குறைந்த எண்ணைக் காட்டும்.

ஊசியிலை வம்சம் இங்கே முற்றிலும் தோற்றுவிடவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஈரக்காடுகளில் நாகேயா வாலிச்சியானா என்ற மரம் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கு இயல்பான ஊசியிலை மரம் இது ஒன்றே. திருவக்கரையின் மெசெம்பிரியோக்சிலான் ஒத்திருக்கும் அதே போடோகார்ப் குடும்பம். இலை ஊசியாக இராது. அகன்று, எதிரெதிராக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுநரம்பே இல்லை. அடியிலிருந்து நுனிவரை இணையான நரம்புகள் மட்டும். கிளை நரம்பு போட முடியாத மரம், இணை நரம்புகளைப் பெருக்கி அகன்ற இலை செய்துகொண்டு, நிழலில் பூக்கும் மரங்களோடு போட்டியிடுகிறது.

அட்டைகளைப் பற்றி ஒரு வரி: ஜூன் முதல் நவம்பர் வரை முழங்கால் வரை வரும் துணி அட்டை உறை போதும்.

ஆறாம் நாள்: குளத்துப்புழை

தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கேரளத்தின் குளத்துப்புழை. இடப்பக்கம் செந்துருணி சரணாலயம். செங்குறிஞ்சி மரத்தால் வந்த பெயர். அதன் பேரினமான குளூட்டா மடகாஸ்கரிலிருந்து நியூகினி வரை பரவியது. பெரும்பாலான இனங்கள் தென்கிழக்கு ஆசியாவில்.

இங்கே வந்தது ஜாதிக்காய்ச் சதுப்புக்காக. 300 மீட்டருக்குக் கீழே, ஓடை மெதுவாகப் பரவித் தேங்கும் பள்ளங்களில் மட்டும் இருக்கும், ஜாதிக்காய்க் குடும்பத்து மரங்களின் காடு. 1960இல் கிருஷ்ணமூர்த்தி இந்தப் பகுதியிலிருந்து முதலில் விவரித்தார். கேரளத்தில் மிஞ்சியிருக்கும் மொத்தப் பரப்பு 2 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு.

சேற்றில் காற்று இல்லை, வேர் மூச்சுவிட வேண்டும். ஜிம்னக்ராந்தெரா மரத்தின் வேர் சேற்றிலிருந்து எழும்பி, வளைந்து, மறுபடி சேற்றுக்குள் போகும்; வளைவின் மேல் பட்டையில் காற்றுத் துளைகள். மிரிஸ்டிகா மேக்னிஃபிகா அடிமரத்திலிருந்தே முட்டுக்கொடுக்கும் வேர்களை இறக்கும். பட்டையில் கீறல் விழுந்த இடங்களில் சிவந்த சாறு வடிந்து உறைந்திருக்கும். ஜாதிக்காய்க் குடும்பத்துக்கே உள்ள அடையாளம். வளைந்து எழும்பும் வேர்களை மிதிக்கக் கூடாது: துளை அடைபட்டால் அந்தப் பகுதி வேர் மூச்சின்றி அழுகும்.

முதல் நாள் கேட்ட மூன்று கேள்விகளும் இங்கே பிரிந்து நிற்கின்றன. ஜாதிக்காய் வம்சம் மேக்னோலியாவின் பக்கத்துக் கிளை. அந்தக் கிளை பிரிந்து 10 கோடி ஆண்டுக்கு மேல். ஆனால் மரபணுவை ஒப்பிட்டால் இன்றைய பேரினங்களுக்கு இடையே வேறுபாடு வியப்பூட்டும் அளவு குறைவு. அவை பிரிந்து பெருகியது மிகவும் பிந்திய காலத்தில். "உயிருள்ள புதைபடிவம்" என்று இந்தச் சதுப்பைப் பற்றி எழுதும்போது கிளையின் வயதை மரத்தின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். இந்தப் பள்ளத்தில் இந்தச் சதுப்பு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பது மூன்றாவது கணக்கு. ஓடை திசை மாறினால் சதுப்பும் இடம் மாறும். அதற்கு விடை அடிச்சேற்று மகரந்தத்தில்தான் இருக்கும்.

இந்த மரங்கள் ஏன் வெளியே பரவுவதில்லை என்பதற்கு விதையைப் பார்த்தால் போதும். பெரிய விதை, சிவந்த பத்திரி உறை, உள்ளே ஈரம். காய்ந்தால் செத்துவிடும், நெல்போல் உலர்த்தி வைத்து விதைக்க முடியாது. இருவாச்சி போன்ற பெரிய பறவைகள் விழுங்கித் துப்பும் தூரமும், ஓடை உருட்டும் தூரமும்தான் அதன் எல்லை. நடுவில் ஒரு வறண்ட மேடு வந்தால் பயணம் முடிந்தது.

சதுப்புகளில் பெரும்பகுதி நெல்வயலாகவும் பிறகு கமுகுத் தோட்டமாகவும் போயிற்று. தட்டையான, நீர் நிற்கும் நிலம் என்பதால் முதலில் கண்ணில் பட்டவை அவையே. மீட்க நினைப்பவர்கள் கன்று நடுவதற்கு முன் வடிகாலைப் பார்க்க வேண்டும். மேலே ஓடையைத் திருப்பியிருந்தால், கீழே எத்தனை கன்று வைத்தாலும் கோடையில் காயும். வடிகாலை அடைத்து நீர்மட்டம் ஆண்டு முழுதும் நிற்கிறதா என்று ஒரு கோடை பார்த்துவிட்டு, விழுந்த விதையைச் சில நாட்களுக்குள், பத்திரியை நீக்கி, நிழலில் ஈர மணலில் பாதி புதையும்படி வைத்து முளைக்கவிட வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும். வெயிலில் வைத்தால் ஓடு வெடித்துப் பருப்பு காய்ந்துவிடும்.